எட்டு பீடி நேரம்

முப்பிடாதியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு புதன்கிழமை, பழைய அரிசி மில்லின் சாய்ப்புக் கொட்டகையில் ஐந்து பெண்கள் மடியில் சுளவுத் தட்டோடு உட்கார்ந்து, எதிரே நின்ற திரைப் பலகையில் புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குக் காத்திருந்தபோது, பக்கம் திரும்பவில்லை. கை மட்டும் தன் பாட்டுக்கு இலையில் தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டிருக்க, ஒரு பீடி ஆயிற்று, இரண்டாயிற்று, ஐந்தும் ஆறும் ஆகி, எட்டாவது பீடியின் தலையை மடக்கி நூலைச் சுற்றிய நேரத்தில், பலகையில் இருந்த எழுத்துகள் மறைந்து இரண்டாம் பக்கம் வந்து நின்றது. முப்பிடாதி உயிரோடு இருந்தபோது மற்றவர்கள் முடித்ததற்கு மேல் எட்டு பீடி நேரம் எடுத்துக்கொண்டுதான் ஒரு பக்கத்தைப் படிப்பாள் என்பது அந்தச் சாய்ப்பில் எல்லாருக்கும் தெரியும். செத்துப் போனதற்காக அவள் வேகமாகப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. "அவ இன்னும் படிச்சு முடிக்கல போல" என்று பாத்திமுத்து சொன்னாள். மற்றவர்கள் ஆமாம் என்பதுபோல் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வடிவு மட்டும் அதற்கு முன்பிருந்தே குனிந்துதான் இருந்தாள்.

முத்தலாங்குளம் மலையடிவாரத்து ஊர். ஆண்கள் லாரியிலும் கல்குவாரியிலும் கிடக்க, பெண்கள் பீடி சுற்றினார்கள். பழகிய கைக்குக் கண் தேவையில்லை என்பதால் கண் சும்மா கிடக்கும் தொழில் அது, சும்மா கிடக்கும் கண் அடுத்த வீட்டுக்குள் போய்விடும் என்று தெரிந்தோ என்னவோ, பஜாரில் செல்போன் கடை வைத்திருந்த பிரம்மசக்தி, பாலிடெக்னிக்கில் படித்த படிப்பு துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று, ஜன்னல் கதவளவு ஒரு திரையை மரச்சட்டத்தில் பொருத்தி, அதில் மின்புத்தகங்களை ஏற்றிக்கொண்டுவந்து சாய்ப்பில் சாத்தி வைத்தாள். படிக்க யாருக்கும் கசக்கவில்லை. பக்கத்தைத் திருப்புவதுதான் பாடாக இருந்தது. தூளும் ஈரமும் அப்பிய விரலால் தொட்டுத் தொட்டு ஒரே வாரத்தில் திரை புகையிலைக் காடாகிவிட்டது.

பிரம்மசக்தி சளைக்கவில்லை. முதலில் பழைய தையல் மெஷினின் மிதிகட்டையை இணைத்துக் காலால் மிதித்தால் பக்கம் திரும்பும்படி செய்தாள், அது யார் மிதிப்பது என்ற சண்டையில் முடிந்தது. பிறகு ஒரு சத்தம் கொடுத்தால் பக்கம் திரும்பும்படி செய்தாள், ஆனால் பீடி சுற்றுகிறவர்கள் நடுவில் வைத்த அந்தக் கருவி ஒவ்வொரு இருமலுக்கும் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி, நானூறு பக்கத்துக் கதையை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டது. பலகையே வாசித்துக் காட்டும் ஏற்பாடும் இருக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தபோது முப்பிடாதிதான் கூடாது என்றாள். "நாப்பது வயசுல எழுத்துக்கூட்டிப் படிச்ச படிப்பு தாயி. அதக் காதுல கேட்டு வீணாக்கச் சொல்லுதியா?" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் பிரம்மசக்தி பலகையின் மேல் விளிம்பில் கடுகளவில் ஆறு கேமராக் கண்களை வைத்தாள். ஒவ்வொரு கண்ணும் ஒருத்தியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆறாவது ஆளும் கடைசி வரியைப் படித்து முடித்த பிறகே பக்கம் திரும்பும். எதிரே ஆள் இல்லாத கண்ணை மட்டும் அது கணக்கில் சேர்க்காது. ஊரில் இருந்த முப்பது சாய்ப்புகளுக்கும் அவள் அதே மாதிரிப் பலகை செய்து கொடுத்தாள்.

அந்தச் சாய்ப்பின் ஆறாவது ஆள் முப்பிடாதி. வாசலோரம் வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்து, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தையும் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்க வைப்பதுபோல் படிப்பாள். வேகத்தில் முதல் ஆள் வடிவு. முப்பிடாதி, வடிவின் அண்ணன் சுடலைமுத்துவின் மனைவி. இருபத்தெட்டு வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்து, ஒரே கிணற்றில் இறைத்து, ஒரே சாய்ப்பில் சுற்றியவர்கள். வடிவு கடைசி வரியை முடித்துவிட்டு மயினியின் உதட்டைப் பார்த்துக்கொண்டு எட்டு பீடி சுற்றுவாள். நாளெல்லாம் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். வடிவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

அவர்கள் கடைசியாகச் சேர்ந்து படித்த கதையில் ஒரு பெண் பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு ரயிலேறிப் போய்விடுகிறாள். அவளுடைய தாய் அன்றிலிருந்து தினமும் ஒரு தட்டுச் சோறு எடுத்து மூடி வைக்கிறாள். பிள்ளை இல்லாத முப்பிடாதி அந்தப் பெண்ணைத் தன் வயிற்றில் பிறந்தவளைப்போல விசாரித்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் போகும் வழியிலும் குளத்தங்கரையிலும், அந்தப் பிள்ளை இந்நேரம் எங்கே இருக்குமோ, சாப்பிட்டிருக்குமோ என்பாள். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். முன்னால் படித்தவள் பின்னால் வருகிறவளிடம் வாய் திறக்கக் கூடாது என்பது எல்லாச் சாய்ப்புகளிலும் கட்டுப்பாடு. அதை மீறிய ஒருத்தியை ஒரு மாதம் வேறு சாய்ப்புக்குத் தள்ளி வைத்த கதையும் உண்டு.

அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கதை நின்றது. இன்னும் நாற்பத்தொரு பக்கம் இருந்தது. கொடைக்காக ஒரு வாரம் வேலை கிடையாது, கதையை முடிக்காமல் எப்படிக் கொடை பார்ப்பது என்று ஐந்து பேருக்கும் மனசு கிடந்து தவித்தது. தவிப்பை ஐந்து பேரும் பட்டார்கள், காரியத்தைச் செய்தது வடிவு. மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவப் போன நேரத்தில், வெட்டிப்போட்ட இலைத் துண்டு ஒன்றை எடுத்து, தூக்குச்சட்டியில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, பலகையின் ஆறாவது கண்மேல் ஒட்டிவிட்டாள்.

அதன் பிறகு பலகைக்கு ஐந்து பேர்தான் தெரிந்தார்கள். பக்கங்கள் ஓடின. நடந்தது தெரியாத பாத்திமுத்து, இன்றைக்கு முப்பிடாதி குதிரை வேகத்தில் படிக்கிறாள் என்று மெச்சினாள், கூடச் சுற்றிய அக்கா தங்கை இருவரும் சிரித்தார்கள், ஐந்தாமவளான கோயில்பிள்ளையின் மனைவி கதை போன போக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பிடாதியும் சிரித்தபடி சுற்றிக்கொண்டிருந்தாள். வெயில் தாழக் கதை முடிந்தது. எல்லாரும் சுளவைத் தட்டிவிட்டு எழுந்து போன பிறகு, முந்தானையை உதறிக்கொண்டே முப்பிடாதி வடிவிடம் மெல்லக் கேட்டாள்.

"ஏட்டி வடிவு, கடைசியில அந்தப் பிள்ள வந்துட்டாளாட்டி?"

"முன்னாடியே சொல்லக் கூடாதுல்லா மயினி. கொடை முடிஞ்சு வந்து நீங்களே படிச்சுக்கிடுங்க" என்று வடிவு சொன்னாள். பிறகு மயினி போனதும் இலைத் துண்டைப் பிய்த்து நூல் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டாள்.

கொடை முடிந்த மூன்றாம் நாள், சாய்ப்பில் வேலை தொடங்கும் முன்பே, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த முப்பிடாதிக்கு, வருஷக் கணக்காக நெஞ்சில் படிந்த தூள் மூச்சை அடைத்தது. முறத்தில் பாதி அரிசி பொறுக்கியிருந்தது. மீதியை வடிவுதான் பிறகு பொறுக்கினாள்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு பிரம்மசக்தி இரண்டு நாள் பலகையைப் பிரித்துப் பார்த்தாள். கண்ணெல்லாம் சரியாக இருந்தது. ஆள் கணக்கில் ஆறு என்று இருந்ததை ஐந்தாக்கிவிட்டுப் போனாள். காலையில் வந்து பார்த்தால் மறுபடி ஆறாக இருந்தது. யாரோ இருக்கிறதாகத்தான் அது காட்டுகிறது அக்கா, நான் என்ன செய்யட்டும் என்றாள். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பாத்திமுத்து சொல்லி, வாசலோரத்து இடத்தைக் கூட்டிப் பாய் விரித்து, ஒரு சுளவும் ஒரு பிடி இலையும் வைத்தாள். அந்த இலையை மட்டும் யாரும் எடுத்துச் சுற்றவில்லை.

மறு வாரமே தெரிந்தது, மற்ற இருபத்தொன்பது சாய்ப்புகளிலும் பக்கம் எட்டு பீடி நேரம் நின்றுதான் திரும்புகிறது என்று. அதற்கடுத்து முத்தலாங்குளத்தின் எல்லைக்குள் யார் எந்தத் திரையில் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அப்படியே ஆயிற்று. மேல்நிலைப் பள்ளியில் கைக்கணினியில் பாடம் படித்த பிள்ளைகள் பக்கம் திரும்பும்வரை வேறு வழியில்லாமல் அதே பக்கத்தை இரண்டாம் தடவை படித்தார்கள், அந்தத் தவணையில் தமிழில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. பரீட்சைக்குப் படித்த இளவட்டங்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அந்த நேரத்தில் அம்மாவுக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் பழகினார்கள். மசூதித் தெருவிலும் மாதாகோயில் தெருவிலும் கைபேசியில் வேதம் ஓதியவர்கள் அந்த இடைவெளியில் கண்ணை மூடி இருந்துவிட்டு, இது நல்லதாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஊரில் அதற்கு முப்பிடாதி நேரம் என்று பெயர் விழுந்தது. ஒரு முப்பிடாதி நேரம் பொறு, இதோ வருகிறேன் என்று கடைக்காரர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். நகரத்திலிருந்து மின்புத்தக நிறுவனத்து ஆள் ஒருவர், சலவைச் சட்டையும் அளக்கும் கருவியுமாக வந்தார். ஒரு நாள் முழுக்க அளந்துவிட்டு, காரணம் தெரியாத தாமதம் என்று எழுதிக்கொண்டு, போகிறதற்கு முன் சாய்ப்பு வாசலில் நின்று ஒரு பக்கம் படித்தார். பக்கம் திரும்பும்வரை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார்.

சுடலைமுத்து லாரிச் சவாரி முடிந்து வரும் நாளெல்லாம் சாய்ப்புக்கு வெளியே கல்லில் உட்கார்ந்துகொள்வார். அவருக்கு எழுத்துத் தெரியாது. பக்கம் நிற்கிறதா என்று மட்டும் கேட்பார், நிற்கிறது என்றால் பீடியை அணைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். "உசுரோட இருக்கையில அவகூட இம்புட்டு நேரம் சும்மா உக்காந்ததில்ல" என்று ஒருநாள் தங்கையிடம் சொன்னார். ஊரார் முப்பிடாதிக்கு ஒரு பீடம் போட்டு, ஆடிச் செவ்வாயில் பொங்கல் வைக்கலாமா என்றுகூடப் பேசினார்கள். ஊருக்கெல்லாம் அந்தக் காத்திருப்பு நிழலாக இருந்தது. வடிவுக்கு மட்டும் அது நெஞ்சில் வைத்த கல். ஒவ்வொரு பக்கத்திலும் எட்டு பீடி நேரம் அவள் காதுக்குள் அந்தப் பிள்ள வந்துட்டாளாட்டி என்ற ஒரே கேள்விதான் கேட்டது.

ஏனென்றால் ஒரு புத்தகம் மட்டும் எட்டு பீடிக்கும் திரும்பவில்லை, எண்பது பீடிக்கும் திரும்பவில்லை. ரயிலேறிப் போன பெண்ணின் கதையை ஊரில் யார் திறந்தாலும் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும் போய், அங்கேயே நின்றது. காலையில் திறந்தவர்கள் சாயங்காலம் வந்து பார்த்தாலும் அதே பக்கம், தாய் சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்க்கும் அதே இடம். அந்தப் பக்கம் அவளுக்குப் பிடித்துப்போயிருக்கும் என்றார்கள் சிலர். அதில் ஏதோ ஒரு எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை என்றார்கள் சிலர். வேறு சிலர் அதைவிடக் கொடுமையாக ஒன்று சொன்னார்கள்: இந்தக் கண் வைத்த பலகை வந்ததிலிருந்துதான் முப்பிடாதியின் மந்தம் ஊருக்கே தெரிந்தது, அந்த வெட்கம்தான் அவளைக் கொன்றது, எல்லாம் பிரம்மசக்தி செய்த வேலை. பேச்சு பஜாருக்குப் போய், செல்போன் கடைக்குப் போய், பிரம்மசக்தியின் காதிலும் விழுந்தது. அவள் யாரிடமும் வாதாடவில்லை. வெள்ளிக்கிழமை எல்லாப் பலகையையும் கழற்றிவிடுகிறேன், புத்தகங்களையும் அழித்துவிடுகிறேன், கடையை மூடிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டாள்.

வடிவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. செய்யாத தப்புக்கு ஒரு பெண் ஊரைவிட்டுப் போகிறாள் என்பது ஒரு பக்கம். பலகை போய்விட்டால், மயினி அந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலேயே, சோற்றை மூடி வைத்த தாயோடு, காலத்துக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே என்பது இன்னொரு பக்கம். அந்த இரண்டாவதை நினைத்துத்தான் அவள் அதிகம் அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரம்மசக்தி ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, முதல் திருகில் கை வைத்தாள். வடிவு சுளவை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். நூல் டப்பாவைத் திறந்து, காய்ந்து சுருண்டிருந்த இலைத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினாள். அதன் முதுகில் பருக்கை வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

"கண்ண மூடுனது பலகை இல்ல. நாந்தான். கொடைக்கு முந்துன நாள் ஆறாவது கண்ணுல இத ஒட்டிட்டேன். நீங்க குதிரை வேகம்னு சொன்னியளே பாத்திமுத்தக்கா, அன்னைக்கு மயினி ஒரு பக்கம்கூடப் படிக்கல."

வெளியே கல்லில் உட்கார்ந்திருந்த சுடலைமுத்து இருமினார். வடிவு வசவை எதிர்பார்த்து நின்றாள். வைதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பாத்திமுத்து வாசலோரத்துச் சுளவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய. போயி அவ இடத்துல உக்காந்து அவகிட்ட சொல்லு" என்றாள்.

இத்தனை வருஷத்தில் வடிவு அந்த இடத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து தலையை நிமிர்த்தியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. மற்ற இடங்களிலிருந்து மரச்சட்டம் மறைத்துவிடும் ஆறாவது கண், அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே, நெற்றிக்கு நேராக இருந்தது. அதில் ஒட்டிய இலை அந்த இடத்தில் இருக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. மயினி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த உடனேயே பார்த்திருக்கிறாள். கதையை முடிக்க யாருக்கு அவசரம் அதிகம் என்பது தெரிந்தே, கையை நீட்டி அதைப் பிய்க்காமல், குதிரை வேகம் என்றபோது சிரித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டிருக்கிறாள். வடிவு வாய்விட்டு அழுதாள். தெரிந்தே பொறுத்தவளுக்குத் தான் செய்த இது கொலையைவிடப் பெரிதென்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். ஓடிப் படித்துப் பழகிய நாக்கை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, மயினி எங்கே மூச்சு வாங்குவாளோ அங்கே மூச்சு வாங்கி, எங்கே திரும்பப் போய் முதலிலிருந்து சேர்ப்பாளோ அங்கே திரும்பப் போய்ப் படித்தாள். நாள்தோறும் எரிச்சலோடு பார்த்த உதடு என்பதால் அதன் ஒவ்வொரு அசைவும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. கடைசி வரி வந்தது. மற்ற நால்வரும் சுற்றினார்கள். எட்டாவது பீடியில் பக்கம் திரும்பியது. பிரம்மசக்தி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

செய்தி எப்படிப் போனதோ, மத்தியானத்துக்குள் மற்றச் சாய்ப்புகளின் பெண்கள் சுளவோடு வந்து மில்லின் களம் முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். வடிவு படிக்க, ஊரே எட்டு எட்டாகச் சுற்றியது. தொண்டை கட்டியபோது சுடலைமுத்து உள்ளே வந்து தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு, வாசலுக்குப் போகாமல் மனைவியின் பாயோரமே உட்கார்ந்துகொண்டார். முப்பது பக்கம் போயிற்று, நாற்பதும் ஆகி, கடைசிக்கு முந்தின பக்கம் வந்தது. அதில் ஒரு பெண் நரைத்த தலையோடு படியேறி வந்தாள். தாய் அவளைப் பார்த்தாள், எங்கே போனாய் என்று கேட்கவில்லை, மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து வைத்தாள். வடிவுக்கு அதற்குமேல் எழுத்துத் தெரியவில்லை.

"வந்துட்டா மயினி" என்றாள். "வந்துட்டா. அன்னைக்கே நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

கடைசிப் பக்கம் வந்தது. அதில் நாலே வரிதான். அதை முடித்துவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். எட்டு பீடி ஆயிற்று, பதினாறாயிற்று. இருபத்தைந்தும் ஆகி எல்லாரும் ஒரு கட்டுக் கட்டிவிட்டு அடுத்த கட்டுக்கு இலையை எடுத்தார்கள். அவள் திரும்பத் திரும்பப் படிக்கிறாள் என்று யாரோ சொல்ல, படிக்கட்டும் என்று பாத்திமுத்து சொன்னாள். மலையில் வெயில் இறங்கும் நேரத்துக்குப் பலகை தானாகவே புத்தகத்தை மூடியது.

மறுநாள் காலையிலிருந்து ஊர் முழுக்கப் பக்கங்கள் படித்த உடனே திரும்பின. பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சம் ஏமாந்துபோனார்கள். மசூதித் தெருவில் பழக்க தோஷத்தில் கண்ணை மூடியவர்கள் திறந்தபோது அடுத்த பக்கம் ஏற்கெனவே வந்து காத்திருந்தது. பிரம்மசக்தி கோயம்புத்தூர் போகவில்லை. சுடலைமுத்து சாய்ப்பு வாசலுக்கு வந்து, பக்கம் நிற்கிறதா என்று கேட்டார்.

"நிக்குண்ணே" என்றாள் வடிவு.

அவள் வாசலோரத்து இடத்தில், ஆறாவது கண்ணுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிக்கு முந்தின வரியில் பார்வையை நிறுத்திவிட்டு, இலையை எடுத்துத் தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மற்ற நால்வரும் முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள், யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. சுடலைமுத்து பீடியை அணைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார். எட்டாவது பீடியின் தலையை மடக்கி நூலைச் சுற்றி முடித்த பிறகு, வடிவு கடைசி வரியைப் படித்தாள்.